மாத்திரை தீர்கிறது, எரிச்சல் தீரவில்லை

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் இயந்திரங்கள் நிற்பதில்லை, ஆட்கள்தான் மாறுகிறார்கள். எரியோடு, கோவிலூர், வடமதுரை, அய்யலூர் என்று ஊர் ஊராக ஆலை வேன்கள் ஒரு ஷிஃப்டை இறக்கிவிட்டு அடுத்த ஷிஃப்டை ஏற்றிக்கொண்டு போகின்றன. இரவு ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் எரியோட்டில் வந்து இறங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு நெடுநாளாக நெஞ்செரிச்சல். டாக்டர் சொன்னபடி காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். போட்ட கையோடு படுத்துவிடுகிறார். எழுந்து சாப்பிட உட்காரும்போது மதியம் ஆகிவிடுகிறது. மறுபடியும் இரவு வேலை, நடுவில் டீ, பரோட்டா. பின்னிரவில் நெஞ்சு கரிக்கிறது, புளித்த நீர் தொண்டைவரை ஏறி இறங்குகிறது.

ஒரு மாதம் கழித்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவர் சொல்வது ஒரே வரி: “மாத்திரை கேக்கலீங்க சார்.”

இந்த வரிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இன்னொரு மாத்திரை. இருபது மில்லிகிராம் நாற்பதாகும். ஒருவேளை இருவேளையாகும். பெயர் மாறும், விலை ஏறும். அவர் மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார், போட்டபின் எப்போது சாப்பிட்டார் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. மருந்து தோற்றுவிட்டது என்று சீட்டில் எழுதப்படுகிறது. உண்மையில் அந்த மருந்து வேலை செய்ய வாய்ப்பே பெறவில்லை.

நெஞ்சு எரிந்து புளித்த நீர் மேலே ஏறும் இந்த எதுக்களிப்பு நோய் அரிய நோயன்று. இந்திய இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கத்தின் பணிக்குழு நாட்டின் பல மையங்களில் 3,224 பேரிடம் விசாரித்து 2011இல் வெளியிட்ட அறிக்கையில், 7.6 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு கல்யாணப் பந்தியில் ஏழெட்டுப் பேர். இவர்களில் மாத்திரை எடுத்தும் முழு நிவாரணம் கிடைக்காதவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்புக்கொள்ளும் கணக்கு. இந்த மூன்றில் ஒருவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. மருந்தை மாற்றுவதற்கு முன்னால் நோயைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை எரியோட்டுக்காரருக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முதலில் மாத்திரையின் கதை. ஓமெப்ரசோல் 1988இல் ஸ்வீடன் நாட்டிலிருந்து சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த சிமெடிடின், ரானிடிடின் போன்றவை அமிலம் சுரக்கச் சொல்லும் கட்டளைகளில் ஒன்றை மட்டும் தடுத்தன. அந்த வழியைத் திறந்த ஜேம்ஸ் பிளாக்குக்கு அதே 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓமெப்ரசோல் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. இரைப்பைச் சுவரின் செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உண்டு. இந்த மருந்து அந்தப் பம்பையே பிடித்துப் பூட்டிவிடும். பூட்டிய பம்ப் மீண்டும் திறக்காது. உடல் புதிய பம்பைச் செய்துகொள்ள வேண்டும். பேன்டோபிரசோல், ரேபிபிரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் இதே குடும்பம்.

இந்தப் பூட்டுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே அது பூட்டும்; தூங்கும் பம்பைத் தொடாது. பம்புகளை எழுப்புவது சாப்பாடு. மாத்திரையோ சில மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்கிறார்கள்: மருந்து ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும்போது சோறு உள்ளே போக வேண்டும். எரியோட்டுத் தொழிலாளி காலை ஆறு மணிக்குப் போட்ட மாத்திரை, அவர் மதியம் சாப்பிட உட்காரும்போது பெரும்பாலும் உடம்பில் இல்லை. “வெறும் வயிற்றில்” என்ற சொல் அவருக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு சாப்பிட வேண்டும் என்ற பாதி போய்ச் சேரவில்லை.

இது படிக்காதவர்கள் செய்யும் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவில் மாத்திரை எடுத்தும் எதுக்களிப்பு அடங்கவில்லை என்று நிபுணரிடம் அனுப்பப்பட்ட 100 பேரிடம் விசாரித்து 2006இல் வெளியான ஆய்வில், மாத்திரையைச் சரியான நேரத்தில் எடுத்தவர்கள் 46 பேர்தான். மற்றவர்களில் சிலர் சாப்பிட்டபின் போட்டார்கள், சிலர் படுக்கும்போது போட்டார்கள், சிலர் வெகு நேரம் முன்பே போட்டுவிட்டார்கள். ஒரு ரூபாயும் செலவில்லாமல், கடிகாரத்தை மட்டும் திருத்தி, அவர்களில் பலரைத் தேற்றியிருக்கலாம்.

“என் உடம்புக்கு இந்த பவர் பத்தாது” என்ற பேச்சையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் இந்த மாத்திரைகளை முக்கியமாகச் சிதைக்கிறது. பிறவியிலேயே சிலருக்கு அது வேகமாக ஓடும், சிலருக்கு மெதுவாக. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ ஆய்வாளர்கள் தமிழர்களிடையே இந்த நொதியின் மரபணுவை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். நொதியைச் செயலிழக்கச் செய்யும் மரபணு வடிவம் தமிழர்களிடம் ஏறக்குறைய 38 சதவீத அளவில் இருந்தது; ஐரோப்பியர்களிடம் காணப்படுவதைவிட இது மிக அதிகம். அதாவது நம்மில் பலருக்கு மாத்திரை உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், கூடுதலாகவே வேலை செய்யும். வேகமாகச் சிதைப்பவர்களும் நம்மிடையே உண்டு, அவர்களுக்கு அளவைக் கூட்டுவது நியாயம்தான். ஆனால் ஒரு சராசரித் தமிழருக்கு மாத்திரை கேட்கவில்லை என்றால், ‘பவர்’ போதாமை முதல் சந்தேகமாக இருக்கக் கூடாது.

முதல் சந்தேகம் நேரத்தின் மேல் என்றால், இரண்டாவது சந்தேகம் நோயின் பெயர் மேல்.

நம் ஊரில் ‘கேஸ்’ என்ற ஒரு சொல் எத்தனை நோய்களைச் சுமக்கிறது! நெஞ்சு எரிந்தாலும் கேஸ், வயிறு உப்பினாலும் கேஸ், முதுகில் பிடித்தாலும் கேஸ். எரிச்சல் நாள்பட்டால் அதற்கே ‘அல்சர்’ என்று பதவி உயர்வு. இரைப்பைப் புண்ணும் எதுக்களிப்பும் வேறு வேறு. புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமி காரணம் என்பதை ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்ட முனைந்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு வந்தது. எதுக்களிப்பின் காரணம் அமிலம் அதிகமாகச் சுரப்பதுகூட இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள சுருக்குத் தசை தளர்ந்து, இருக்க வேண்டிய இடத்தில் இருந்த அமிலம் மேலே வந்துவிடுகிறது. மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், தசையை இறுக்காது. மாத்திரை எடுப்பவருக்கும் எதுக்களிப்பு நடந்துகொண்டேதான் இருக்கும், எரிச்சல் மட்டும் தெரியாது. வாய்வரை புளித்த நீர் ஏறுவதுதான் ஒருவருடைய முதன்மைத் தொல்லை என்றால், மாத்திரை அவருக்கு அரைகுறையாகவே உதவும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். நெஞ்சில் எரிச்சலோ அழுத்தமோ வந்து, வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், நடந்தால் கூடி உட்கார்ந்தால் குறைந்தால், அது இதயமாக இருக்கலாம். சோடா குடித்து ஏப்பம் விட்டுக் காத்திருந்து உயிரை விட்டவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு. முதலில் ஈசிஜி, அப்புறம்தான் கேஸ் மாத்திரை. விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக் கூடாது.

மருந்து கேட்காத எதுக்களிப்பைப் பற்றி ஒரே ஒரு ஆய்வை ஒவ்வொரு மருத்துவரும் மேசையில் ஒட்டிவைக்கலாம் என்றால், அது அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் ஸ்டூவர்ட் ஸ்பெக்லர் தலைமையில் நடந்து 2019இல் வெளியானது. மாத்திரை எடுத்தும் நெஞ்செரிச்சல் அடங்காதவர்கள் என்று அனுப்பப்பட்டவர்கள் 366 பேர். அவர்களுக்கு அறுவை சிகிச்சை நல்லதா, கூடுதல் மருந்துகள் நல்லதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். ஆனால் யாரையும் உடனே அறுவை அரங்குக்குள் கொண்டுபோய்விடவில்லை. முதலில் எல்லோருக்கும் அதே பழைய ஓமெப்ரசோல், 20 மில்லிகிராம், காலையும் மாலையும், இரண்டே வாரம், எப்படி எடுக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிக் கொடுத்து.

42 பேருக்கு எரிச்சல் அடங்கிவிட்டது. எத்தனையோ காலமாகக் கேட்காத மாத்திரை, ஒழுங்காக எடுத்ததும் கேட்டது.

மிஞ்சியவர்களுக்கு எண்டோஸ்கோபி, உணவுக்குழாயின் தசை அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி, 24 மணி நேர அமில அளவீடு எல்லாம் செய்தார்கள். 70 பேர் சோதனைகளை முடிக்கவில்லை, 54 பேர் வேறு காரணங்களால் விலக்கப்பட்டார்கள். 23 பேருக்கு உணவுக்குழாயில் வேறு நோய்கள் இருந்தன. 99 பேருக்குச் சோதனைகள் எதிலும் கோளாறே தெரியவில்லை: அமிலம் இயல்பான அளவில்தான் மேலே வருகிறது, எரிச்சலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடைசியில், எதுக்களிப்பால்தான் எரிச்சல், மாத்திரைக்கும் அடங்கவில்லை என்று உறுதியானவர்கள் 78 பேர். வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்.

அந்த 78 பேருக்குக் கிடைத்த பலனும் தெளிவானது. அறுவை செய்துகொண்ட 27 பேரில் 18 பேர் நன்றாக ஆனார்கள். ஓமெப்ரசோலோடு கூடுதல் மருந்துகள் எடுத்த 25 பேரில் 7 பேர். ஓமெப்ரசோலோடு வெற்று மாத்திரை எடுத்த 26 பேரில் 3 பேர். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தால் கத்தி மாத்திரையை எளிதாக வென்றுவிடுகிறது. அந்தத் தேர்வைச் செய்யாமல் 366 பேரையும் அறுத்திருந்தால் பலருக்கு வீண் காயம்தான் மிச்சமாகியிருக்கும். சோதனை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

அந்த 24 மணி நேரச் சோதனை பயமுறுத்தும் விஷயமும் இல்லை. மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை உணவுக்குழாய்க்குள் இறக்கி, இடுப்பில் ஒரு சிறு பதிவுக் கருவியை மாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வழக்கம்போல் சாப்பிடலாம், வேலை பார்க்கலாம், தூங்கலாம். எரிச்சல் வரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு நாளில் அமிலம் உணவுக்குழாயில் நிற்கும் நேரம் 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு. அதாவது ஒரு மணி நேரத்துக்குள். 6 சதவீதத்தைத் தாண்டினால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், நோய் உறுதி. பொத்தான் அழுத்திய நொடிகளும் அமிலம் ஏறிய நொடிகளும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் கணினி பார்த்துச் சொல்லும். ‘கேக்கலீங்க’ என்ற சொல்லுக்கு உடம்பே தரும் வாக்குமூலம் அது.

இந்த வசதி வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. எரியோட்டிலிருந்து வேலூர் எவ்வளவு தொலைவு என்பதை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியவரிடம் கேட்க வேண்டும். திண்டுக்கல்லுக்கு 2022 ஜனவரி 12 அன்று, மாநிலத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று கிடைத்தது. எரியோட்டுக்காரர் பஸ் ஏறினால் காலையில் போய்ச் சோதனைக் குழாயை மாட்டிக்கொண்டு, மறுநாள் வந்து கழற்றிக்கொண்டு போகும் தூரம்தான் அது. எதுக்களிப்புக்கான முழுச் சோதனையும் அங்கே அன்றாடம் நடக்க வேண்டும். முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குக் காட்டும் அக்கறையை இந்தச் சோதனைக்கும் காட்ட வேண்டும். மருந்துக்கு நாம் செலவழிக்கத் தயங்குவதில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தைக் கிராமம்வரை கொண்டுசேர்த்ததில் இந்தியாவுக்கே வழிகாட்டி. வழங்குவதில் இருக்கும் அந்தத் திறமை, எது யாருக்கு வேண்டும் என்று பார்ப்பதிலும் வர வேண்டிய காலம் இது.

சோதனையில் கோளாறு தெரியாத அந்த 99 பேரிடம் திரும்புவோம். அவர்கள் நடிக்கவில்லை. எரிச்சல் உண்மை, தூக்கம் கெடுவதும் உண்மை. உணவுக்குழாயின் நரம்புகளும் மூளையும் சாதாரணத் தொடுகையைக்கூட எரிச்சலாக வாசிக்கின்றன; தொண்டையில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டி வைத்ததுபோல. இவர்களுக்கு அமிலத்தை இன்னும் குறைப்பதால் பயனில்லை. மிகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளும், வயிற்றை உப்பி இறக்கி மூச்சுவிடும் உதரவிதானப் பயிற்சியும், மனநல ஆலோசனையும் இவர்களில் பலருக்கு உதவுகின்றன. ஆனால் நடப்பது வேறு. டாக்டர் ஒரு சொல்லும் விளக்காமல் எழுதிக் கொடுக்க, மருந்துக்கடையிலோ பக்கத்து வீட்டிலோ “இது மனநோய் மாத்திரையாச்சே” என்று சொல்ல, அன்றே அது குப்பைக்குப் போகிறது. நரம்பின் சத்தத்தைக் குறைக்கத்தான் இது என்று இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் போதும்.

எதுக்களிப்புக்கு அறுவை சிகிச்சை பிறந்த விதம் சுவையானது. ருடால்ஃப் நிசென் ஜெர்மனியின் யூத மருத்துவர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார். அங்கே ஓர் இளைஞருக்கு உணவுக்குழாயின் அடிப்பகுதியை வெட்டி இரைப்பையோடு இணைக்கும்போது, தையல் பிரியாமலிருக்க இரைப்பையின் மடிப்பைச் சுற்றிலும் போர்த்தித் தைத்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த மனிதரைப் பற்றித் தெரிந்தபோது ஒன்று அவர் கவனத்தில் பட்டது: இப்படி இணைத்தவர்களுக்கு வழக்கமாக வரும் எதுக்களிப்பு அவருக்கு வரவே இல்லை. அந்தப் போர்வைதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. இடையில் நிசென் அமெரிக்காவில் இருந்தார். 1948இல் ஐன்ஸ்டைனின் வயிற்றில் வீங்கியிருந்த பெருந்தமனியை செலோபேன் தாளால் சுற்றிக் கட்டியவரும் அவரே. அந்தக் கட்டோடு ஐன்ஸ்டைன் 1955வரை வாழ்ந்தார். அதே 1955இன் கடைசியில், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், எதுக்களிப்பால் தவித்த ஒரு பெண்ணுக்கு இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிப் போர்த்தித் தைத்தார் நிசென். இன்றும் உலகம் அவர் பெயரால்தான் அந்த அறுவையை அழைக்கிறது. 1991 முதல் அது சிறு துளைகள் வழியாகவே நடக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய நகரங்களில் லேப்ராஸ்கோபி கைதேர்ந்தவர்கள் இதைச் செய்கிறார்கள்.

இதுவும் முற்றுப்புள்ளி ஆகிவிடாது. ஸ்வீடனில் இந்த அறுவை செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியான ஆய்வில் 17.7 சதவீதத்தினருக்கு எதுக்களிப்பு திரும்பியிருந்தது. சிலருக்கு ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பும், சிலருக்கு விழுங்கக் கொஞ்ச காலம் சிரமம் இருக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஒருவரை மேசையில் படுக்கவைக்க வேண்டும்.

இப்போது வோனோபிரசான் என்ற புதிய மாத்திரை வந்திருக்கிறது. 2014இன் இறுதியில் ஜப்பான் அனுமதித்தது, 2023இல் அமெரிக்கா அனுமதித்தது, இந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. இது தூங்கும் பம்பையும் பிடிக்கும். சாப்பாட்டு நேரத்தோடு கட்டிப்போட வேண்டியதில்லை. ஷிஃப்ட் தொழிலாளிக்கு இது நல்ல செய்தியாகவே தோன்றும். உணவுக்குழாயில் கடுமையான புண் உள்ளவர்களுக்கு உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் அமிலமே காரணமில்லாத ஒருவருக்கு அமிலத்தை இன்னும் ஆழமாக அடக்குவதால் என்ன கிடைக்கும்? பழைய தவறைப் புதிய மருந்தால் செய்யும் ஆசைதான் மருந்துக்கடை அலமாரிகளில் இப்போது அடுக்கப்படுகிறது.

கடையில் ‘டி’ சேர்த்துக் கேட்கப்படும் கூட்டு மாத்திரையைப் பற்றியும் பேச வேண்டும். அந்த ‘டி’ டோம்பெரிடோன். இதயத் துடிப்பைக் குலைக்கும் ஆபத்து காரணமாக, ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. நம் ஊரில் அதை வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டு இல்லாமலே வாங்குகிறார்கள். பம்பைப் பூட்டும் மாத்திரைகளால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம் என்று உறையில் எச்சரிக்கை சேர்க்கும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2019இல் சொன்னார். அந்தத் தாளை எத்தனை பேர் பிரித்துப் படித்திருப்பார்கள்? மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பவர்களுக்கு இவை பெரும்பாலும் பாதுகாப்பான மருந்துகளே. பயந்து ஒரே நாளில் நிறுத்துவதும் சரியில்லை. டென்மார்க்கில் எதுக்களிப்பே இல்லாத 120 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு எட்டு வாரம் இந்த மாத்திரையைக் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். நிறுத்தியபின் 44 சதவீதத்தினருக்கு எரிச்சலும் அஜீரணமும் வந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதம்தான். அடக்கிய அமிலம் எகிறிக்கொண்டு திரும்புகிறது. அதை நோய் முற்றிவிட்டதாக நினைத்து மறுபடி மாத்திரைக்கே ஓடுகிறோம். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம்.

நெஞ்செரிச்சலைக் கூட்டும் பிற மருந்துகள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு இங்கே பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் அந்தச் சுருக்குத் தசையைத் தளர்த்தக்கூடியது. ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் வகையும் அப்படியே. மூட்டுவலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது பேராபத்து. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வரும் ஊழியர், “நெஞ்சு கரிக்குதாம்மா?” என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டு, ஆம் என்றால் டாக்டரிடம் சொன்னால், சிலருக்கு மருந்தை மாற்றிக் கொடுப்பதோடு தொல்லை தீரும். மருந்து மட்டுமல்ல, புகையிலையும் எரிச்சலைக் கூட்டும். வேடசந்தூரில் புகையிலைக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. திண்டுக்கல் புகையிலையின் பெயர் ஊர் கடந்தது. வெற்றிலையோடு அடக்கி வைத்தாலும் பீடியாகப் பிடித்தாலும் நிக்கோடின் அதே தசையைத்தான் தளர்த்துகிறது. புகையிலையை விடாமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது.

பழக்கங்களின் பங்கைக் குறைத்து மதிக்க வேண்டாம். அமெரிக்கச் செவிலியர்கள் சுமார் 43,000 பேரைக் கவனித்து 2021இல் வெளியான ஆய்வு, இயல்பான எடை, புகைக்காமை, தினம் அரை மணி உடலுழைப்பு, காபி டீ சோடா எல்லாம் சேர்த்து இரண்டு கோப்பைக்குள், நல்ல உணவு ஆகிய ஐந்தையும் கடைப்பிடித்தால் எதுக்களிப்புத் தொல்லையில் 37 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று கணித்தது. இந்த அறிவுரைகள் நம் வாழ்க்கைக்குத் தக்கபடி சொல்லப்படுவதில்லை என்பதுதான் குறை. ‘கட்டிலின் தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்துங்கள்’ என்கிறது அறிவுரைத் தாள். பாயில் படுப்பவருக்குத் தலைமாடு ஏது? தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும். அவருக்குச் சொல்ல வேண்டியது இடது பக்கம் சரிந்து படுக்க வேண்டும் என்பது. இரைப்பையின் வளைவு அப்போது கீழே தங்குகிறது, ஏறிய அமிலமும் விரைவில் இறங்கிவிடும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கச் சொல்வதும், இரவு பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வழியில் பரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டு வருகிறவரிடம் நடக்காது. ஷிஃப்டுக்கு நடுவில் சோறு சாப்பிட இருபது நிமிடம் ஒதுக்கும் ஆலை, அவருக்கு மாத்திரையைவிடப் பெரிய மருந்து கொடுக்கிறது.

மறுபடி அந்தச் சீட்டுக்கு வருவோம். அதில் ‘1-0-0’ என்று எழுதியிருக்கிறது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை. பகலில் விழித்து இரவில் தூங்குகிறவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. எரியோட்டுத் தொழிலாளியின் முதல் சாப்பாடு மதியம் இரண்டு மணிக்கு என்றால், அவருடைய மாத்திரை ஒன்றரை மணிக்கு. அடுத்த வாரம் பகல் ஷிஃப்ட் வந்தால் அது காலைக்கு மாறும். இரண்டு வாரம் இப்படி எடுத்துப் பார்த்தும் எரிகிறது என்றால் அப்போது எண்டோஸ்கோபி, அதிலும் விடை இல்லையென்றால் இடுப்பில் அந்தச் சிறு கருவி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், சீட்டெழுதப் பேனா எடுக்கும் டாக்டர் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றிருக்கிறது: “இந்த வாரம் உங்களுக்கு எந்த ஷிஃப்ட்டுங்க?”